அண்ணன் பேரில் வந்த அபராதங்கள்

விடியற்காலையில் நான் மண்டியிட்டுக் கடவுளிடம் பேசுகிற மூலையில் ஒரு நாள் சின்னதாக ஒரு மெத்தை கிடந்தது. சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடுவே, சிமெண்டுத் தரையில், சரியாக என் முழங்கால் படுகிற இடத்தில் கிடந்தது. மேலே சாம்பல் நிற உறை. சுற்றிலும் கறுப்பு நூலால், சாக்கு மூட்டை தைப்பது போல எட்ட எட்டத் தையல். அந்த வாரம் முழுக்க எனக்கு முழங்கால் வீங்கியிருந்தது. யாரிடமும் நான் சொல்லவில்லை. சுவரைப் பிடித்து எழுந்ததை யாரோ பார்த்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்?" என்றார். கொழுந்தனைக் கேட்டேன். "பூனை ஏதாவது கொண்டுவந்து போட்டிருக்கும் அண்ணி," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்றைக்குச் சந்தைக்குப் போக அவன் காரில் பின்னால் ஏறினேன். இருக்கையில் சதுரமாக ஒரு துண்டைக் காணோம். உள்ளே இருந்த கம்பிச்சுருள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

அவனைப் பற்றிக் கேட்டால் வெளியில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். அடித்ததையும் உடைத்ததையும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான். அதையும் மறைக்காமல்தான் எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. வலது முன்கையில் வரிசையாகப் பல் பதிந்த தழும்பு. நாய் கடித்ததா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர்தான் பிறகு சொன்னார், அது அவன் பல்லே என்று.

என் மாமனார் குடித்துவிட்டு வந்தால் வீட்டில் ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடிப்பாராம். தண்ணீர்க் குடம் காலியாக இருக்கும், இல்லாவிட்டால் கதவுத் தாழ்ப்பாள் உடைந்திருக்கும். "யாருடா இது?" என்று இடுப்பு பெல்ட்டை உருவுவார். செய்தது சின்னவனாக இருந்தாலும் மூத்தவரான என் வீட்டுக்காரர் முன்னால் வந்து "நான்தான்பா" என்பாராம். பித்தளைக் கொக்கி இருக்கிற பக்கத்தால் அடி விழும். சின்னவன் கதவுக்குப் பின்னால் நின்று, கத்தாமல் இருக்கத் தன் கையையே கடித்துக்கொள்வான். அடுத்த நாள் தெருவில் எவன் மண்டையாவது உடையும். தான் வாங்காத அடியை எங்காவது கொடுத்துத் தீர்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

மாமனார், மாமியார் இருவரும் போன பிறகு அண்ணன்தான் அவனுக்கு எல்லாம். என் வீட்டுக்காரருக்கு பஸ் கம்பெனியில் ஓட்டுநர் வேலை. டிப்போவுக்குப் பின்னால் கம்பெனி குடியிருப்பில் எங்களுக்கு வீடு. ஒரு அறை, ஒரு கூடம், சமையலறை, பின்பக்கம் துணி உலர்த்துகிற முற்றம், அதன் ஓரத்தில் தகரக் கதவு போட்ட குளியலறை. வேலை இருக்கிறவரைக்கும்தான் வீடு. வேலை போனால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். இதைக் கல்யாணத்துக்கு முன்பே எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

கொழுந்தன் கார் உதிரிபாகம் விற்கிற மொத்தக் கடையில் சேர்ந்தான். சம்பளம் கிடையாது. சொந்தக் கார் வேண்டும், அதற்கு நடப்பு இன்சூரன்ஸ் வேண்டும். கிடங்கு வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். முறை வந்ததும் கிளட்ச் பிளேட்டோ ரேடியேட்டரோ ஏற்றிக்கொண்டு, எந்தப் பட்டறை கேட்டதோ அங்கே போய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து மறுபடி வரிசையின் வாலில் நிற்க வேண்டும். ஒரு நடைக்கு இவ்வளவு என்று கூலி. சீக்கிரம் திரும்பினவனுக்கு இன்னொரு நடை. அவன் திரும்பிய வேகத்தைப் பார்த்துக் கிடங்கில் அவனுக்கு 'அவசரம்' என்று பேர் வைத்துவிட்டார்கள். "அவசரம் வந்தாச்சா?", "அவசரத்தைக் கூப்பிடு" என்று முதலாளிகூடக் கூப்பிடுவார்.

வரிசையில் சண்டை இல்லாத நாள் கிடையாது. அங்கே மொட்டை என்று ஒரு ஓட்டுநர், நல்ல வாய்க்காரர். ஒரு நாள் நடந்ததை அவரே என் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கிறார்.

"டேய் அவசரம், வரிசைன்னா வால்ல நிக்கணும்."

"நான் உனக்கு முன்னாடி வந்தேன்."

"முன்னாடி வந்தது நீ இல்லடா, உன் காரோட மூக்கு. மூக்கை நீட்டினா இடம் ஆயிடுமா? அப்படிப் பாத்தா யானைக்குத்தான் எல்லா இடமும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மொட்டையின் சட்டைக் காலர் அவன் கையில் இருந்தது. கொதிக்கிற பானட்டில் முகத்தை வைத்து அழுத்தினான். தோல் பொசுங்கிய வாடை வந்ததாம். மொட்டை கையில் கிடைத்த ரப்பர் குழாயால் வீச, அதன் இரும்பு வளையம் இவன் காதைக் கிழித்தது. இரண்டு பேரும் தரையில் கிரீசில் புரண்டார்கள். பிரித்துவிட்ட பிறகு மொட்டை கண்ணைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததும் அவன் அவரைத் தூக்கித் தன் காரிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். அந்த ஓட்டத்துக்கும் ஒரு அபராதம் வந்தது.

"அடிச்ச வலியவிட அந்த ஓட்டம்தான் தங்கச்சி வலி," என்றார் மொட்டை. "செத்தா பானட்டுல சாகலாம், இவன் கார்ல வேணாம்னு அப்பவே முடிவு பண்ணினேன்."

வேகமாகப் போகிறவர்களைப் பிடிக்கச் சாலையெல்லாம் கேமரா வைத்திருந்த காலம் அது. யாரும் நிறுத்த மாட்டார்கள், விசில் ஊத மாட்டார்கள். ஒரு மின்னல் வெட்டும், அவ்வளவுதான். சில நாளில் வீட்டுக்கு அபராதச் சீட்டு வந்துவிடும். எதிரில் ஒரு ஆள் இருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கம்பத்தோடு எப்படிச் சண்டை போடுவது? ஒரு நாள் அதையும் செய்தான். மேம்பாலம் இறங்குகிற இடத்தில் மின்னல் வெட்டியதும் காரை ஓரம் கட்டி, பின்னாலிருந்து ஒரு பிரேக் டிரம்மைத் தூக்கிக் கேமராவை நோக்கி எறிந்தான். அது கம்பத்தில் மோதித் திரும்பி வந்து அவன் கார் விளக்கையே உடைத்தது. பட்டறைக்காரன் நசுங்கின டிரம் வேண்டாம் என்றுவிட்டான். அதற்கும் தண்டம் அழுதான்.

இப்படியே அபராதம் ஏற ஏற, வருஷா வருஷம் அவன் கார் இன்சூரன்சும் ஏறியது. கடைசியில் ஒரு கம்பெனியும் அவன் பேருக்கு இன்சூரன்ஸ் தர மாட்டேன் என்றது. இன்சூரன்ஸ் இல்லாமல் கிடங்கு வாசலில் நிற்க முடியாது. அப்போதுதான் என் வீட்டுக்காரர், "காரை என் பேருக்கு மாத்திடு. என் லைசென்ஸ்ல ஒரு கீறல் கிடையாது," என்றார். மாற்றினார்கள். இன்சூரன்ஸ் பாதிக்கும் கீழே இறங்கியது. இரண்டு பேருக்கும் பெரிய சந்தோஷம்.

அன்றிலிருந்து அபராதமெல்லாம் என் வீட்டுக்காரர் பேருக்கு வந்தது. அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. கட்ட வேண்டிய எந்தச் சீட்டும் வீட்டில் ராத்தங்கக் கூடாது. சின்ன வயதில் கடன்காரர்கள் வாசலில் நின்று கத்திய கத்தலும், அவர்கள் போனபின் அப்பா அம்மாவை அடித்த அடியும் அவருக்கு மறக்கவில்லை. கரண்ட் பில் வந்தாலும் தண்ணீர் வரி வந்தாலும் அன்றைக்கே கட்டிவிட்டு வருவார். அபராதத்தையும் அப்படியே கட்டினார். கொழுந்தனும் ஏமாற்றுகிறவன் இல்லை. ஆணியில் மாட்டியிருக்கும் அண்ணன் யூனிஃபார்ம் சட்டைப் பையில் அந்தப் பணத்தைத் தவறாமல் வைத்துவிடுவான். கொடுத்ததைப் பற்றி அவனும் பேச மாட்டான், எடுத்ததைப் பற்றி இவரும் பேச மாட்டார். விஷயம் அதோடு முடிந்தது என்று நாங்கள் மூன்று பேருமே நம்பினோம்.

மறுபடி இன்சூரன்ஸ் ஏறியது. என்னவென்று கேட்க அவன் கிளம்பினான். என் வீட்டுக்காரருக்கு அன்று பகல் டியூட்டி. "நீ கூடப் போ. நீ பக்கத்துல இருந்தா கொஞ்சம் அடங்குவான்," என்று என்னை அனுப்பினார்.

இன்சூரன்ஸ் ஆபீசில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். தொகையைச் சொன்னாள்.

"என்னம்மா, கார் விலையே அவ்வளவு இல்லையே," என்றான் அவன். "கார நீங்க வச்சிக்குங்க. அந்தப் பணத்த எனக்குக் குடுங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஓனர் வேகமா ஓட்டி நிறைய மாட்டியிருக்காரு சார். அவர் லைசென்ஸ்ல குற்றப் புள்ளி ஏறியிருக்கு."

"அவர் லைசென்ஸ்லயா? அவர் இந்தக் காரைத் தொட்டதே இல்ல."

"தொடாதவர் ஏன் சார் அபராதம் கட்டினாரு?"

"வந்துச்சு, கட்டினாரு."

"கட்டினா நான்தான் ஓட்டினேன்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும். வேற ஆள் ஓட்டியிருந்தா கட்டாம அந்த ஆள் பேரை எழுதி அனுப்பணும். சீட்டுக்குப் பின்பக்கம் அச்சடிச்சிருக்கே, பாக்கலையா?"

"எங்க வீட்டுல பின்பக்கம் திருப்பி யாரும் பாக்கறதில்ல. எவ்வளவுன்னு பாப்போம், கட்டிடுவோம்."

அவள் சிரிப்பு போய்விட்டது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சார், இன்னும் கொஞ்ச நாள்ல அவரை விசாரணைக்குக் கூப்பிடுவாங்க. புள்ளி இவ்வளவு ஏறிட்டா லைசென்ஸைப் பறிச்சிடுவாங்க. அவர் என்ன வேலை பாக்கறாரு?"

"பஸ் ஓட்டறாரும்மா," என்று நான்தான் சொன்னேன்.

அவன் காது மடல் சிவந்ததைப் பார்த்தேன். "தம்பி, வாப்பா போலாம்," என்று கையைப் பிடித்தேன். பிடித்த கை என் கையில் இல்லை. தடுப்புக் கண்ணாடியில் கை முட்டியால் குத்தினான். ஒரே குத்தில் அது நொறுங்கி அந்தப் பக்கம் கொட்டியது. காவலாளி ஓடிவந்து பின்னாலிருந்து அவன் கழுத்தை வளைத்தார். அவன் தலையைப் பின்னுக்கு வீசினான். மூக்கெலும்பு முறிந்த சத்தம் தெளிவாகக் கேட்டது. பாவம், அந்த மனிதர் விழுந்த பிறகும் அவன் விடவில்லை. நாற்காலியைத் தூக்கி அவர் தோளில் இரண்டு போடு போட்டான். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்தப் பெண் தலைமுடியெல்லாம் கண்ணாடித் தூளோடு மேசைக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் அவன் நாற்காலியைக் கீழே வைத்தான்.

"உன்ன இல்லம்மா," என்றான். "உன்ன ஒண்ணும் பண்ண மாட்டேன். எந்திரி, கால்ல கண்ணாடி குத்திடும்."

போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. கேஸ் போட்டு, கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி வெளியே விட்டார்கள். காவலாளியைப் பார்க்க நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி என்னைத் திட்டித் தீர்த்தாள். திட்டட்டும் என்று நின்றேன்.

என் வீட்டுக்காரருக்கு லைசென்ஸ் விசாரணைக்கு அழைப்பும் வந்தது. அன்று சாயங்காலம் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, நீங்க போய் உண்மையச் சொல்லிடுங்க. ஓட்டினது என் தம்பின்னு சொல்லிடுங்க."

என் வீட்டுக்காரர் தட்டில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன் மேல ஏற்கனவே காவலாளி கேஸ் இருக்கு. இதையும் சேத்தா உன்னை உள்ள வச்சிடுவாங்க. கட்டினது நான்தானே? ஓட்டினதும் நான்தான்னே இருக்கட்டும்."

"உங்க வேலை போயிடும்."

"போகட்டும்."

"இந்த வீடு போயிடும். அண்ணி எங்க போவாங்க?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ சாப்பிடு."

அவன் தட்டு சுவரில் போய் விழுந்தது. என் வீட்டுக்காரர் எழுந்துபோய்ச் சோற்றைக் கூட்டி அள்ளினார்.

விசாரணை நாள் காலையில் முற்றத்தில் அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். யூனிஃபார்ம் போட்டிருந்தார். நான் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்தன் வந்து எதிரில் நின்றான்.

"போகாதீங்க அண்ணே."

"தள்ளு, நேரமாச்சு."

"போய் நான்தான்னு சொல்லுவீங்க. அதானே?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"எத்தன வருஷமா இதையே சொல்லுவ நீ?"

அண்ணனை அவன் 'நீ' என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரரும் நிமிர்ந்து பார்த்தார்.

"அப்பன் அடிச்சப்பவும் நீ. இப்பவும் நீ. எனக்குன்னு ஒரு அடிகூட மிச்சம் வைக்க மாட்டியா? நான் என்ன செஞ்சாலும் நீயே செஞ்சதா ஆயிட்டா நான் எதுக்குடா உயிரோட இருக்கேன்?"

என் வீட்டுக்காரர் அவனை ஒதுக்கிவிட்டு நடந்தார். அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். பொத்தான்கள் தெறித்தன. அவர் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார். வருஷக்கணக்காக பஸ் ஸ்டியரிங் பிடித்த கை. அவன் தலை ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. பிறகு அவன் அடித்தான். முதல் குத்து வயிற்றில், இரண்டாவது வாயில். துணிக்கொடி அறுந்து ஈரத் துணியெல்லாம் அவர்கள் மேல் விழுந்தது. என் சேலை ஒன்றில் சுற்றிக்கொண்டு இருவரும் புரண்டார்கள். அந்தச் சேலை ஈரத்தில் ரத்தம் பரவுவதைப் பார்த்தேன். யாருடையது என்று தெரியவில்லை. அவர் அவனுடைய முன்பு கிழிந்த காதைப் பிடித்து முறுக்கினார். அவன் அலறிக்கொண்டே அவர் தலையைத் தண்ணீர்க் குழாயில் மோதினான். பல் ஒன்று சிமெண்டுத் தரையில் உருண்டது. அவனும் அழுதான், அவரும் அழுதார், அடிப்பதை மட்டும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. நான் நடுவில் போய் விழுந்தேன். யார் முழங்கையோ என் நெஞ்சில் பட்டு மூச்சு நின்று வந்தது.

கடைசியில் அவன் அண்ணனைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்துக்கொண்டுபோய்க் குளியலறையில் விட்டுத் தகரக் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் வளையத்தில் வீல் ஸ்பேனரைச் செருகினான். உள்ளேயிருந்து கதவு அதிர்ந்தது.

"அண்ணி, கிளம்புங்க," என்றான். மூச்சு வாங்கியது. சட்டை முன்பக்கமெல்லாம் ரத்தம். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. அதான் கூப்பிடறேன்."

நான் கதவைப் பார்த்தேன். கடவுளே, நான் எந்தப் பக்கம் போக என்று கேட்டேன். உள்ளே தட்டுவது நின்றது.

"அடுப்புல பால் இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து. பேச்சு குழறியது. "அணைச்சிட்டுப் போ."

அதை அவர் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் பாலை அணைத்துவிட்டுப் போனேன். பக்கத்து வீட்டு கண்டக்டர் மனைவியிடம், நாங்கள் போனதும் ஸ்பேனரை உருவிவிடச் சொன்னேன். அவள் ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவள்தான். "கதவைத் திறந்தா ஓடி வருவாரேக்கா," என்றாள். "கொஞ்சம் மெதுவாத்தான் திறக்கறேன்."

காரில் முன்னால் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் அவன் கைரத்தம் ஒட்டியது. "மெதுவா போப்பா, விசாரணைக்குத்தானே போறோம்," என்றேன். "அண்ணன் டாக்சி பிடிச்சு முந்திடுவாரு அண்ணி," என்று மிதித்தான். லாரிகளுக்கு நடுவே கார் நுழைந்து நுழைந்து போனது. ஒருவன் ஜன்னலை இறக்கிக் கெட்ட வார்த்தை சொன்னான். இவன் அதற்கு மேல் சொன்னான். நான் கண்ணை மூடிக் கையைக் குவித்துக்கொண்டேன். மூடிய கண்ணுக்குள்ளேயும் அந்த வெளிச்சம் தெரிந்தது. மேம்பாலம் இறங்குகிற இடம்.

"போச்சு," என்று ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தான். "இதுவும் அவர் பேருக்குத்தான் போகும்."

விசாரணை அறையில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். ரத்தச் சட்டையைப் பார்த்ததும் வாசலில் இருந்த போலீஸ்காரரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

"உங்க அண்ணன் எங்க?"

"பாத்ரூம்ல."

"வந்ததும் உள்ள வரச் சொல்லுங்க."

"இங்க இல்லம்மா. எங்க வீட்டு பாத்ரூம்ல. பூட்டி வச்சிட்டு வந்திருக்கேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். இவன் சொன்னான். எல்லா அபராதமும் தன்னுடையது, ஓட்டினது தான், அண்ணனுக்கு விவரம் தெரியாமல் கட்டிவிட்டார், அவ்வளவுதான். அதிகாரி பொறுமையாகக் கேட்டார்.

"லைசென்ஸ் போகப்போற எல்லாருக்கும் திடீர்னு ஒரு தம்பி வருவாங்க," என்றார். "படத்துல எல்லாம் காரோட பின்பக்கம்தான் இருக்கு. ஓட்டினது யாருன்னு நான் எப்படி நம்பறது?"

அவன் கை மடங்குவதைப் பார்த்து எனக்கு உயிர் போயிற்று. அதைப் பார்த்த போலீஸ்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். அவன் சட்டென்று தலையைத் தூக்கினான்.

"மேம்பாலத்துல இப்ப எடுக்கறது முன்பக்கமா, பின்பக்கமா?"

"அங்க புதுக் கேமரா. முன்பக்கம்."

"அப்ப பாருங்கம்மா. இப்பத்தான் வர்ற வழியில ஒண்ணு பிடிச்சிருக்கு."

அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டினார். நேரம் எடுத்தது. பிறகு திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அதே கார், அதே நம்பர். ஸ்டியரிங்கில் வாயைத் திறந்து யாரையோ திட்டிக்கொண்டு அவன். பக்கத்தில் கண்ணை இறுக மூடிக் கும்பிட்டபடி நான். போலீஸ்காரர் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார்.

"இது நீங்கதானே?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"நான்தான்மா."

"மத்ததெல்லாம்?"

"அதெல்லாம் இவன்தான். என் வீட்டுக்காரர் அந்த நேரமெல்லாம் பஸ்லதான் இருந்திருப்பாரு. டிப்போல கேட்டுப் பாருங்க." நான் சோறு போட்டு வளர்த்த பிள்ளை. அவன் என்னைப் பார்த்து, சரி, சொல்லுங்க என்கிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அதிகாரி டிப்போவுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியில் சத்தம். என் வீட்டுக்காரர் பொத்தான் இல்லாத யூனிஃபார்மோடு, வாயில் துணியை அழுத்திக்கொண்டு வந்து நின்றார். "அம்மா, அவன் சொல்றதைக் கேக்காதீங்க. நான்தான்," என்றார். பல் போன இடத்தில் காற்று வந்தது. அதிகாரி போனை வைத்துவிட்டு, "நீங்க உட்காருங்க, முதல்ல தண்ணி குடிங்க," என்றார்.

என் வீட்டுக்காரர் லைசென்ஸ் தப்பியது. கவனமில்லாமல் கட்டியதற்குக் கண்டித்து விட்டார்கள். வேலையும் வீடும் நின்றன. கொழுந்தன் லைசென்ஸை ரத்து செய்தார்கள். காவலாளி கேசும் இதுவும் சேர்ந்து கோர்ட்டில் அவனுக்குச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள். தீர்ப்பைச் சொன்னபோது அவன் முகத்தில் நான் ஒருபோதும் பார்க்காத ஒரு அமைதி. போலீஸ் வண்டியில் ஏறும்போதுகூட, அதை ஓட்டுகிறவரிடம், "என்ன அண்ணே, மாட்டு வண்டியா இது?" என்று கேட்டான்.

காரைப் பழைய இரும்புக்கு மொட்டைதான் விற்றுக் கொடுத்தார். அவன் இல்லாத வரிசை சப்பென்று இருப்பதாகச் சொன்னார்.

அவன் உள்ளேயும் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் பிடிக்கிற வரிசையில் முந்தினது யார் என்று ஒருவனோடு சண்டை. வாளியால் அடித்திருக்கிறான். மறுநாள் அந்த ஆளும் அவன் கூட்டாளிகளும் குளிக்கிற இடத்தில் வைத்து இவனைச் சுவரோடு மோதினார்கள். தலைக்குள் ரத்தம் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான். உடம்பை வாங்கப் போனபோது என் வீட்டுக்காரர் அவன் கை முட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் புதுக் காயம். "என் தம்பி சும்மா வாங்கலை, திருப்பிக் குடுத்திருக்கான்," என்றார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவனை அடித்தவர்களுக்காகவும் நான் ஜெபிக்கத்தான் செய்கிறேன். எல்லா நாளும் மனசு ஒத்துழைப்பதில்லை.

அவனைக் கடைசியாகப் பார்த்தது அதற்கு முந்தின மாதம். பார்வையாளர் அறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தான். புருவத்தில் தையல் போட்டிருந்தது. என்னப்பா இது என்றேன். "படில விழுந்தேன் அண்ணி," என்றான். "அந்தப் படி எப்படி இருக்கு?" என்றேன். சிரித்தான். "அதுக்குத் தையல் ஜாஸ்தி."

அண்ணனுக்குப் புதுப் பல் கட்டியாயிற்றா, கடித்துச் சாப்பிட முடிகிறதா, காலை முதல் பஸ் இன்னும் அவருக்குத்தானா என்றெல்லாம் கேட்டான். எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரைக்கும் என் வீட்டுக்காரர் ஒரு தடவைகூட உள்ளே வந்ததில்லை. வாசல்வரை என்னோடு வருவார், வெளியிலேயே நின்றுவிடுவார். அன்றைக்குத்தான் வரும்போது, அடுத்த மாதம் நானும் உள்ளே வருகிறேன் என்று சொல்லியிருந்தார்.

நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். எழுந்து, "அடுத்த மாசம் அண்ணனையும் கூட்டிட்டு வரேன்பா," என்றேன்.

அவனும் எழுந்தான். காவலர் தோளில் கை வைத்துத் திருப்பியபோது வலைக்கு அருகே குனிந்து சொன்னான்.

"வேணாம் அண்ணி, கூட்டிட்டு வராதீங்க. வந்தா நான்தான்னு சொல்லிட்டு உள்ள வந்து உக்காந்துக்குவாரு."